கொட்டான் பின்னப் பழகலாம், வாங்க!

மத்தியானச் சாப்பாட்டுக் கடை முடிந்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நாலு மணிக் காப்பி வரைக்கும் நமக்கென்று ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் அரை மணி கண் அசந்துவிடுவோம். மீதி ஒரு மணி டி.வி.யிலோ செல்போனிலோ போன இடம் தெரியாமல் போய்விடும். "ஏதாவது கைவேலை கத்துக்கலாம்னு ஆசைதான். எதைத் தொட்டாலும் ஆரம்பச் செலவே ஆயிரக்கணக்குல வருதே!" என்று அங்கலாய்க்கிற சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூத்தையல் என்றால் சட்டம், நூல்கண்டு, விதவிதமான ஊசி. படம் வரைவது என்றால் வண்ணம், தூரிகை, துணி. ஓலைப் பின்னலுக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு ஈரத்துணி, பத்து விரல். அவ்வளவுதான். ஓலையும் எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்க்கரைக்குப் போனால் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கொட்டானைப் பார்த்திருக்கிறீர்களா? நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பனை ஓலையில் சிவப்பும் பச்சையும் கலந்து பின்னிய சின்னச் சின்னப் பெட்டிகள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் என்று சீர் சாமான்களை அதில்தான் வைத்துக் கொடுப்பார்கள். விசேஷத்துக்கு எடுக்கும் கொட்டானுக்கு மேலே துணி கட்டி, பாசிமணி கோத்து அலங்காரம் வேறு செய்வார்கள். செட்டிநாடு என்றதும் எல்லாரும் காரைக்குடியைத்தான் நினைக்கிறார்கள். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு எல்லாம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்!

அந்தக் காலத்து ஆச்சிமார்கள் பெரிய பெரிய வீடுகளின் கட்டுகளில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பின்னித் தள்ளிய வேலை இது. பிறகு பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வர் தூக்கும் வந்தன. கொட்டான் பரணுக்குப் போயிற்று. பின்னத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்ட நேரத்தில், விசாலாட்சி ராமசாமி அவர்கள் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை, மிச்சமிருந்த மூத்தவர்களின் வேலையைப் பார்த்துக் கற்று, கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்து அந்தக் கலையை மீட்டது. செட்டிநாடு கொட்டானுக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. பட்டமடைப் பாய்க்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் உள்ள அதே மரியாதை, நம்ம ஊர் ஓலைப் பெட்டிக்கும்!

"நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல புதுசா எங்க வரப்போகுது?" என்று கேட்காதீர்கள். 1991-ல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். களையெடுக்கப் போனவர்கள், கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பேரன் எடுத்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். முட்டி பேர்ந்தவர்களும் உண்டு, கேலி செய்யப்பட்டவர்களும் உண்டு. ஓலையில் விழுந்து அடிபடுகிற வேலை இல்லை. கேலி கொஞ்சம் இருக்கலாம்.

முதலில் காகிதம்

எடுத்த எடுப்பில் ஓலையில் கை வைக்காதீர்கள். பழைய மாதக் காலண்டர் தாள் கெட்டியாக இருக்கும். அதை அரை அங்குல அகலத்துக்கு நீள நீளமாக நறுக்கிக்கொள்ளுங்கள். பதினாறு வார் வேண்டும். எட்டு ஒரு நிறத்திலும் எட்டு இன்னொரு நிறத்திலும் இருந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் இரண்டு முறை செய்து பார்த்தவர்களுக்கு ஓலை முரண்டு பிடிக்காது. நேரே ஓலையில் இறங்குகிறவர்கள்தான் இரண்டாம் நாளே, "இது நமக்குச் சரிப்படாது" என்று சுருட்டி மூலையில் வைக்கிறார்கள்.

எட்டு வாரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படுக்க வையுங்கள். மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே விடுங்கள். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். அடுத்த வரிசையில் அதுவே தலைகீழ். பாய் முடைகிற மாதிரிதான். எல்லா வாரின் நடுப்பகுதியிலும் பின்னல் விழ வேண்டும். நாலு பக்கமும் ஒரே நீளம் மிச்சம் நிற்க வேண்டும். நாலு அங்குலச் சதுரம் ஒன்று கிடைக்கும். அதை அவிழாமல் பிடிக்கத்தான் ஆரம்பக்காரர்கள் திண்டாடுவார்கள். அதற்கு ஒரு சுலப வழி, கொடியில் துணி காயப்போடும் கிளிப். நாலு மூலைக்கும் நாலு கிளிப் மாட்டிவிட்டால் நீங்கள் எழுந்து போய் அடுப்பில் பாலை இறக்கிவிட்டே வரலாம்.

இனிமேல்தான் சூட்சுமம். கொட்டானின் மூலை, நீங்கள் பின்னிய சதுரத்தின் மூலையில் வராது! சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில்தான் வரும். ஒரு பக்கத்தில் எட்டு வார் நீட்டிக்கொண்டு நிற்கிறதல்லவா? இடது நாலு, வலது நாலு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் நாலாவது வாரையும் ஐந்தாவது வாரையும் ஒன்றுக்கொன்று குறுக்கே போடுங்கள். நாலாவது வார் அப்படியே ஆறு, ஏழு, எட்டு என்று மேலும் கீழுமாகப் போகட்டும். பிறகு மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. நாலும் போய் முடிந்தால் தட்டையாகக் கிடந்த பாய் அந்த இடத்தில் குபுக்கென்று எழுந்து நிற்கும். முதல் தடவை அது எழும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பார்த்தால்தான் தெரியும்! அங்கே ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

நாலு மூலையும் எழுந்துவிட்டால் மேற்கொண்டு சுற்றிச் சுற்றிப் பின்னுவதுதான் வேலை. வலப்பக்கம் சாய்ந்த வார்களும் இடப்பக்கம் சாய்ந்த வார்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏறும். ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நாலு அங்குலச் சதுரம் பின்னினால் கொட்டானின் அடி நாலு அங்குலம் இருக்காது. மூணு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பாய் கோணவாக்கில் திரும்பிவிடுவதால் அப்படி. டப்பா அளவுக்கு, டம்ளர் அளவுக்கு என்று மனக்கணக்குப் போட்டுச் செய்கிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். பெரிதாக வேண்டுமானால் பன்னிரண்டு, பதினாறு என்று வாரைக் கூட்டுங்கள். இரட்டைப்படையாகவே கூட்டுங்கள், இல்லாவிட்டால் நடு கிடைக்காது.

வார் இரண்டடி நீளம் இருந்தால் மூணு அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்ச நீளம் விளிம்புக்கு வேண்டும். ஒவ்வொரு வாரையும் பக்கத்து வாரின் மேலாக மடித்து, கீழே இருக்கும் பின்னலுக்குள் செருகிக்கொண்டே போனால் விளிம்பும் முடியும், சுவரும் இரட்டையாகித் திடமாகும். செருகுவதற்குக் கத்தி வேண்டாம். மழுங்கிய கோணி ஊசி ஒன்று போதும்.

ஓலைக்கு எங்கே போவது?

பனையில் இரண்டு விதமான ஓலை. நடுவில் ஈட்டி மாதிரி இன்னும் விரியாமல் நிற்பது குருத்தோலை. வெளுத்த வெண்ணெய் நிறத்தில், துணி மாதிரி வளையும். கொட்டானுக்கு அதுதான். விரிந்து பச்சையாகிவிட்டது முறுக்கம். கடகப் பெட்டிக்கும் விசிறிக்கும் ஆகும், முதல்முறை பின்னுகிறவர் விரலுக்கு ஆகாது.

ஒரு குருத்தோலையில் அறுபது எழுபது இதழாவது இருக்கும். ஓரத்தில் இருக்கும் குட்டை இதழ்களைக் கழித்துவிட்டாலும் பத்துச் சின்னக் கொட்டானுக்குக் காணும். அதனால் ஆளுக்கொரு குருத்து என்று கேட்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பனை மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ஓலைதான் விடும். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை உருவினால் மரம் சோர்ந்து போகும். ஒரு தடவை எடுத்த மரத்துக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்து, அடுத்த மரத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வைத்த ஒழுங்கு. கண்மாய்க்கரை மரம்தானே என்று கேட்காமல் வெட்டாதீர்கள். மரத்துக்குச் சொந்தக்காரரோ ஊரோ இருக்கும். ஐம்பது அறுபது அடி மரத்தில் ஏற ஆளும் இப்போது கிடைப்பதில்லை. கைக்கெட்டுகிற வடலியில் எடுப்பதுதான் யாருக்கும் ஆபத்தில்லாத வழி.

ஓலை வந்தவுடனே இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் ஓடும் ஈர்க்கை உருவிவிட வேண்டும். ஈர்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். சேர்த்துக் கட்டினால் வாசல் பெருக்க விளக்குமாறு. ஈர்க்கு போனதும் ஒரு இதழ் இரண்டு பாதியாகும். அவற்றை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த ஓலை கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் போடும். அரைகுறையாகக் காய்ந்ததைப் பின்னினால் பின்னியபோது நெருக்கமாக இருந்தது, பத்து நாள் கழித்துச் சுருங்கிச் சல்லடை ஆகிவிடும்.

வார் ஒரே அகலமாக வர ஒரு வழி சொல்கிறேன். பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றில் இரண்டு தையல் ஊசியை அரை அங்குல இடைவெளியில் குத்தி நிறுத்துங்கள். ஓலையைப் பலகையில் வைத்து, ஊசி முனையை அழுத்தி நேரே இழுத்தால் வார் ரிப்பன் மாதிரி வரும். கத்தரியால் வெட்டினால் இங்கே அகலம் அங்கே ஒடுக்கம் என்று வரும். அந்தக் கோணல் பின்னலில் பல்லிளிக்கும்.

பின்னுவதற்கு அரைமணி முன்னால் வார்களை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம். ஓலை கறுத்துப் பூசணம் பிடிக்கும்.

அப்பத்தாவின் மூடி

எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா இருந்தார்கள். கண்புரை முற்றி, எதிரே வருவது யாரென்றே குரலை வைத்துத்தான் சொல்வார்கள். ஆனால் கையில் ஓலையைக் கொடுத்தால் விரல் தானாக நடக்கும். ஓலையைப் பார்க்கவே மாட்டார்கள். முகம் தெருவைப் பார்த்திருக்கும். "ஏத்தா, கண்ணால பின்னுனா கோணும். வெரல விட்டுப் பாரு" என்பார்கள். இரண்டு வாருக்கு நடுவே ஆட்காட்டி விரல் நகத்தை ஓட்டுவார்கள். நகம் எங்கே தடுக்கிறதோ அங்கே ஓலை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த வாரைச் சுண்டி இழுத்துவிட்டுத்தான் அடுத்தது. நாம் எல்லாம் கடைசியில் இழுத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று ஓட்டமாக ஓடுவோம். ஓலையில் கடைசியில் எதையும் சரிபண்ண முடியாது.

ஆறு பேர் அவர்களிடம் போனோம். ஒருத்திக்கு மகள் பிரசவம், இன்னொருத்திக்கு நூறு நாள் வேலை, ஒருத்தி சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டாள். மூன்று பேர் மிஞ்சினோம். சின்னக் கொட்டானும் சதுரப் பெட்டியும் வந்துவிட்டன. மூடி மட்டும் யாருக்கும் வரவில்லை. மூடி தளர்ந்தால் கழன்று விழுகிறது. இறுகினால் பெட்டி நசுங்குகிறது. அந்தச் சமயத்தில்தான் அப்பத்தாவை அவர்கள் மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு வந்தது. ஒரு வாரம்தான் இருந்தது. பெரியவர்களிடம் ஒரு கஷ்டம் என்னவென்றால், செய்து காட்டத் தெரியும், சொல்லத் தெரியாது. "இப்புடித்தான்" என்பார்கள். எப்படி என்று கேட்டால் மறுபடியும் "இப்புடித்தான்"!

கடைசியில் எங்களில் ஒருத்தி ஒரு காரியம் செய்தாள். அவர்கள் பின்னிய மூடியையும் பெட்டியையும் எதிரே வைத்துக்கொண்டு அடி ஸ்கேலால் அளந்தாள். வார் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான். மூடியின் வார் ஒவ்வொன்றும் அரை நூலுக்கும் குறைவான அளவில் அகலம் கூடியிருந்தது. அவ்வளவுதான் ரகசியம்! பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேலேயே மூடியைப் பின்ன வேண்டும். பெட்டியே அச்சு. "அதத்தானடி மூணு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்கள் அப்பத்தா. சொல்லவே இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர்களைப் பின்னச் சொல்லி, கையை மட்டும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னி முடித்ததை வாங்கி அளந்து, வார் எத்தனை, அகலம் எத்தனை, நீளம் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். அவர்கள் உதிர்க்கும் அரைகுறைப் பேச்சையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அர்த்தமாகும். இதையெல்லாம் இந்த மாதமே செய்யுங்கள், பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

சாயம், பூசணம், விரல்

சாயம் போடாத ஓலையே அழகு என்பது என் கட்சி. வண்ணம் வேண்டும் என்றால், பாசிமணியோ பொம்மையோ வைக்கிற பெட்டிக்குக் கடைச் சாயம் போடலாம். தின்பண்டம் வைக்கிற பெட்டிக்கு வேண்டாம். ஈரப் பலகாரத்தில் சாயம் இறங்கும். ஒரு கைப்பிடி பதிமுகக் கட்டையை இரண்டு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சிட்டிகை படிகாரம் சேர்த்து, வாரைப் போட்டு அரைமணி வேகவிட்டால் இளஞ்சிவப்பு ஏறும். மஞ்சளிலும் ஏறும், ஆனால் வெயில் பட்டால் ஓடிப்போகும். கடுக்காய்க் கஷாயத்தில் துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வைத்தால் கறுப்பு கிடைக்கும். நெசவுக்காரர்களின் பழைய உபாயம் அது. ஆனால் அந்தக் கறுப்பு வாரும் பண்டப் பெட்டிக்கு வேண்டாம்.

மழைக்காலத்தில் கொட்டானுக்குப் பூசணம் வரும். ஈரம் படாமல் துடைத்து, வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். பூச்சிக்கு உள்ளே நாலு காய்ந்த வேப்பிலை. தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டாம். லேசான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஓலை விளிம்பு பிளேடு மாதிரி. உட்காருமுன் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருக்கிற சகோதரிகள் விரலில் ஒரு மெல்லிய ஒட்டுப் பட்டை சுற்றிக்கொள்வது நல்லது. சின்னக் கீறல்தானே என்று விடுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. முட்டிவலிக்காரர்கள் தரையில் சம்மணம் போட வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து, மடியில் ஒரு பலகை வைத்துக்கொண்டு பின்னலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கழுத்தைத் திருப்பி, தூரத்தில் இருக்கும் மரம் மட்டையைப் பாருங்கள். மத்தியான வெளிச்சத்தில் செய்யுங்கள். ராத்திரி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்ன வேண்டிய அவசரம் நமக்கு என்ன?

காசு வருமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு கொட்டானுக்கு மூணு மணி நேரம் ஆகும். கூலி கணக்குப் பார்த்தால் களையெடுக்கப் போவது லாபம். கை வேகம் பிடிக்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை விற்க நினைக்காமல் வீட்டுக்கும் விசேஷத்துக்கும் செய்யுங்கள். தாம்பூலப் பைக்குப் பதில் பத்துப் பேருக்குக் கொட்டானில் வெற்றிலை பாக்குக் கொடுத்துப் பாருங்கள், யார் செய்தது என்று கேட்காமல் போக மாட்டார்கள். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மாவட்டத் தலைநகரங்களில் உள்ள பூமாலை வணிக வளாகங்கள் உண்டு. ஆனால் விற்பனைக்கு என்று வந்தால் பத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த அழிரப்பர் ஊசியை விடாதீர்கள் என்கிறேன்.

காசாக வராவிட்டாலும் செலவு குறைவது உண்மை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினாலு வகைக்குத் தடை. மஞ்சப்பை திரும்பி வந்துவிட்டது. மஞ்சப்பைக்குள் தக்காளி நசுங்குகிறதே! அடியில் ஒரு சதுரப் பெட்டியை இறக்கிவிட்டால் தக்காளியும் பிழைக்கும், கொத்தமல்லியும் பிழைக்கும். வெங்காயம், பூண்டு, உலர்ந்த மிளகாய் வைக்கப் பின்னல் பெட்டியைப் போல ஒன்று கிடையாது. காற்றோட்டம் இருப்பதால் முளைவிடுவதும் அழுகுவதும் எங்கள் வீட்டில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மரம் இருந்தால்தானே

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்ததை எங்கள் மாவட்டம் மறக்காது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னை, பலா, வாழை என்று தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பிள்ளை மாதிரி வளர்த்த பலா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்தோம். அத்தனைக்கும் நடுவில் கண்மாய்க்கரைப் பனைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. அதற்கு முன்னால் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக வெட்டி அனுப்பியவர்களுக்குக்கூட அன்றைக்குத்தான் பனையின் அருமை தெரிந்தது. 1978-லேயே நம் மாநில மரமாக அறிவித்த மரம் அது. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டதும் அதே வருடம்தான். இங்கே 2021-ல்தான், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வேளாண் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

ஓலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சித்திரையில் நுங்கு, ஆடி ஆவணியில் பழம், தை மாதம் கிழங்கு என்று சாப்பாட்டுக்கும் அதுவேதான். வேகவைத்த பனங்கிழங்கு பசி தாங்கும், நார்ச்சத்து உண்டு. நாலு மணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் குழந்தைகளுக்குக் கொடுங்கள். இன்னொன்று: "கருப்பட்டிதானே, சர்க்கரைக்காரங்க தாராளமாச் சாப்பிடலாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சீனியைவிடச் சத்து இருக்கிறது என்பது வேறு, அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது வேறு.

விதை ஊன்ற விரும்புகிறவர்களுக்கு: ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். சதையைச் சப்பிவிட்டோ கழுவிவிட்டோ, ஒரு சாண் ஆழத்துக்குள் குழி எடுத்து, பத்தடிக்கு ஒன்றாகப் போட்டு மண்ணை மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் குடம் தூக்க வேண்டாம். ஐப்பசி மழையே போதும். ஒன்றரை மாதத்தில் முளை முதலில் கீழேதான் போகும். மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று தோண்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கிழங்குக்கு என்றால் கொட்டைகளை ஒரே மேட்டில் நெருக்கமாகப் புதைத்து, நாலு மாதத்தில் எடுக்கலாம். மரத்துக்கு என்றால் தனித்தனிக் குழி. ஆடு கடிக்காமல் முதல் இரண்டு வருடம் முள் போட்டு அடையுங்கள். காய்ப்புக்கு வர பதினைந்து இருபது வருடம் ஆகும், ஆணா பெண்ணா என்பதும் அதுவரை தெரியாது. ஆனால் பின்னலுக்கு அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. வடலி இடுப்புயரம் தாண்டி நன்றாக ஓலை விரித்ததும், வருடத்துக்கு ஒரே ஒரு குருத்து மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு குருத்தோலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் காலண்டர் தாளை நறுக்கி உட்காருங்கள், அடுத்த இதழ் வருவதற்குள் ஒரு கொட்டான் எழுந்துவிடும்.